வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டிருந்தாய்

குமரா,

நீ அனுப்பிய மெசேஜுக்கு மூன்று நாளாக நான் பதில் போடவில்லை. படித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டு கோடும் நீலமாக மாறியிருக்கும். இந்த போனில் எதையும் பார்க்காத மாதிரி இருக்க முடிவதில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நமக்குள் வழக்கமாகப் போய்வருவதெல்லாம் ‘சாப்பிட்டியா’, ‘ம்’, ‘அங்க மழையா’, ‘இல்ல’ என்கிற அளவுதான். இந்தத் தடவை நீ கேட்டிருப்பதற்கு அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் போட என்னால் முடியவில்லை. அதனால் உன் பழைய டிராயிங் நோட்டில் மிச்சம் இருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உனக்குக் காது கேட்காதே, அதனால்தான் அப்பா எழுதுகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நேரில் சொல்ல உன் மொழி எனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். குறை யார் பக்கம் என்று புரிந்துகொள்ள எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகியிருக்கிறது.

அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன். புண் ஆறி, கருவியை இயக்கிய பிறகு, அவளுக்குக் கேட்கவும் பழக்க வேண்டும், பேசவும் பழக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்கள். மற்றபடி காது கேட்கிற ஒருவர் வீட்டில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பெற்றவர்களில் உனக்கும் கேட்காது, செல்விக்கும் கேட்காது. செல்வியின் அம்மா வாலாஜாபாத் பக்கம் கழனி வேலைக்குப் போகிறவர், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது நான். ‘அப்பா, வாரத்துக்கு எத்தனை நாள் உங்களால முடியும்? எந்த நேரம்? தறி வேலை கெடாம பாத்து சொல்லுங்க’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இதே கேள்வியை உனக்காக ஒருத்தர் என்னிடம் முன்பே கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் சொன்ன பதில் உனக்கு முழுதாகத் தெரியாது. அம்மா சொல்லியிருக்க மாட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

உனக்குக் கேட்கவில்லை என்பதை இரண்டரை வயதில்தான் கண்டுபிடித்தோம். நம் வீட்டில் இரண்டு தறி, பக்கத்து வீட்டில் மூன்று, எதிர்வீட்டில் நான்கு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழந்தை சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், தறிச்சத்தத்துக்குப் பழகிவிட்டது என்று பெருமைப்படுவார்கள். நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே பெருமைப்பட்டேன். தறிக்குப் பக்கத்தில் பாயில் நீ அசையாமல் தூங்குவதைக் காட்டி, நெசவுக்காரன் பிள்ளை எப்படித் தூங்குகிறான் பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். அமாவாசைக்கு நம் தெருவில் யாரும் தறியில் உட்காருவதில்லை, ஊரே அடங்கிக் கிடக்கும். அப்படி ஒரு அமாவாசையன்று அம்மா உன் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தைக் கைதவறிப் போட்டாள். தோட்டத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ திரும்பவே இல்லை, மர வண்டியை உருட்டிக்கொண்டே இருந்தாய். அம்மா தாம்பாளத்தை எடுத்து வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

அந்தக் காலத்தில் உள்ளே வைக்கிற கருவி நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. சட்டைப்பையில் வைக்கிற ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர் போகும். பயிற்சி கொடுத்த டீச்சரம்மா நல்லவர், கொஞ்சம் கறார். பெட்டி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும், எது பேச்சு எது இரைச்சல் என்று பிள்ளைக்குத் தெரியாது, அதனால் வீடு அமைதியாக இருக்கிற நேரத்தில் தினம் அரைமணி நேரம், வயிறு நிறைந்து தெளிவாக இருக்கிற காலை வேளையில் பழக்குங்கள் என்றார். எங்கள் வீட்டில் காலையில் அமைதியா என்று நான் சிரித்தேன். காலை வெளிச்சத்தில்தான் இழை நன்றாகத் தெரியும், அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தால் தறி என்ன ஆவது? அது போக, உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்யப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் நாடாவைத் தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். நம் வீட்டில் அந்த ஆள் உன் அம்மா. அவள் எழுந்து உன்னிடம் போனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சரி, வாரத்துக்கு எத்தனை நாள் உங்களால் தறியை நிறுத்த முடியும் என்று அந்த அம்மா கேட்டார்.

நான் சொன்ன பதில் இது. அமாவாசைக்குத் தறி எப்படியும் நிற்கும். ஒரு பாவு நெய்து முடிந்து புதுப்பாவின் இழைகளைப் பிணைக்கிற நாளிலும் நிற்கும். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முழுசாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், மாதத்துக்கும் சேர்த்து. இதைத் தயங்கித் தயங்கிச் சொல்லவில்லை, குமரா. ஏதோ பெரிய ஏற்பாடு செய்துவிட்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். டீச்சரம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“தெனம் சோறு போடறீங்க இல்லம்மா? மாசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல ஊட்டிடுவீங்களா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தறியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது, படித்தவர்களுக்கு நம் பிழைப்பு எங்கே புரியப் போகிறது என்று அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவள் உன் சட்டைப்பையில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள், பஸ் இரைச்சல் உன் காதில் அடிக்கக் கூடாதென்று.

சொன்ன மாதிரியே செய்தேன், அதில் குறை வைக்கவில்லை. அமாவாசையன்று குளித்து, பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, சாப்பிட்டு முடித்ததும் உன்னை எதிரில் உட்காரவைப்பேன். பசு, பந்து, பால் என்று படம் போட்ட அட்டைகள். ஒரு மணி நேரம் நன்றாகப் பார்ப்பாய். அதற்குப் பிறகு கண் செருகும். உச்சிவேளைக்கு உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாய். நான் மோவாயைத் தூக்கி நிறுத்துவேன், வாயைப் பார் வாயைப் பார் என்று உன் கன்னத்தைத் தட்டுவேன். மாதத்துக்கு இரண்டு நாள்தானே, இதைக்கூடச் செய்ய முடியாதா என்று மூன்று வயதுப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரும். சில மாதத்தில் உனக்கு விவரம் தெரிந்துவிட்டது. தறி ஓடும் நாளில் சிரித்து விளையாடுவாய். காலையில் எழுந்து வந்து தறி அசையாமல் நிற்பதைப் பார்த்தால், ஓடிப்போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். அம்மாதான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவாள். அப்பன் சும்மா இருக்கிற நாளைக் கண்டு பயந்து ஓடிய பிள்ளை இந்த ஊரில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

இதற்கு நடுவில் உன் அம்மா தானாகவே ஒரு வேலை செய்தாள். காலையில் சமையலை முடித்துவிட்டு, எண்ணெய் வாங்க, சாமி கும்பிட என்று ஏதாவது சொல்லி உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். நாலு தெரு தள்ளி ஒரு கோயில் மண்டபம், அங்கே அந்த நேரத்தில் ஒரு ஈ காக்காய் இருக்காது. அரைமணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. அட்டை எதுவும் எடுத்துப் போக மாட்டாள். கண்ணில் படுவதைச் சொல்வாள், தூண், புறா, பூ, படி. உனக்குச் சலிப்பு வருவதற்குள் நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். சுமார் ஒன்றரை மாதம் இப்படிப் போயிருக்கும். ஒரு நாள் தறிக்குழியில் கால் விட்டு நான் உட்கார்ந்திருக்கும்போது நீ வந்து என் தோளைத் தொட்டு, வாசலைக் காட்டி, “புஆ” என்றாய். வாசலில் ஒரு புறா நின்றது. தினமும் எங்கே போய்வருகிறாள் என்பதை அம்மா அப்போதுதான் சொன்னாள். நான் தறியை நிறுத்திவிட்டு உன்னைத் தூக்கினேன், உச்சியில் முத்தம் கொடுத்தேன், பிறகு மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தக் கடைசிக் காரியத்தைத்தான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு கோர்வைச் சேலை நெய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அம்மா காலையில் எழுந்து போகிற அந்த அரைமணி நேரம், போய்வர இன்னொரு அரைமணி நேரம், எனக்குக் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஆவணி முடிகிற வரைக்கும் நிறுத்தி வை, அப்புறம் இஷ்டம் போல் போய்க்கொள் என்றேன். உன் அம்மா என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டது குறைவு. அன்றைக்கு நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“புள்ள இப்பதான் வாயப் பாத்துக்கினு இருக்குது. நடுவுல உட்டா போயிடும்ங்க. சேல எப்ப வேணா நெய்யலாம்.”

போனால் மறுபடியும் வரும், இரண்டு மாதத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்றேன். அவள் நாடாவை எடுத்துக்கொண்டாள். ஆவணி முடிந்தது, தீபாவளி வந்தது. தீபாவளி முடிந்தது, தை முகூர்த்தம் வந்தது. ஒவ்வொரு தடவையும் இது முடியட்டும் என்று சொன்னது நான்தான். எதுவும் முடிகிற மாதிரி இல்லை. மறுபடி உன்னை டீச்சரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனபோது வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அவர் ஜன்னலில் இருந்த புறாவைக் காட்டினார். நீ பார்த்தாய். அவர் வாயைப் பார்த்தாய், அம்மா வாயைப் பார்த்தாய், ஏதோ ஒன்றைத் தேடுகிற மாதிரி உன் உதடு குவிந்து குவிந்து விரிந்தது. ஒன்றும் வரவில்லை. டீச்சரம்மா எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பெட்டியைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, அம்மா கையில் கொடுத்தார்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஏழு வயதில் காது கேட்காத பிள்ளைகள் படிக்கிற ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். முதல் லீவுக்கு வந்தபோது உன் கைகள் இரண்டும் பேசின. அங்கே இருந்த பிள்ளைகளிடம் நீயாகக் கற்றுக்கொண்டு வந்த பேச்சு. வாய் திறக்காத பிள்ளை இத்தனை விஷயத்தை உள்ளே வைத்திருந்தானா என்று அம்மா பிரமித்துப் போனாள். நீ காட்டக் காட்டத் தானும் காட்டிப் பார்த்து, ஒவ்வொரு லீவிலும் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் நீ அம்மாவிடம் கையை ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாய், எதிர் வரிசையில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் உன் இரண்டு கையையும் பிடித்து உன் மடியில் அழுத்திவைத்தேன். அம்மாவிடம் நீ என்ன கேட்டாய் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு ஏன் இன்னும் பாயசம் போடவில்லை என்று கேட்டாயாம். இதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அம்மா இருந்தவரை எனக்குக் கவலை இல்லாமல் இருந்தது. நீ சொல்வதை அவள் எனக்குச் சொல்வாள், நான் சொல்வதை உனக்குச் சொல்வாள். பல நேரம் நான் கடுமையாகச் சொன்னதை அவள் நயமாக மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். அவள் காரியம் நடந்த அன்று நீ என்னிடம் வந்து கையால் ஏதோ நீளமாகச் சொன்னாய், கண்ணீர் வழிய வழியச் சொன்னாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். நான் ஏமாற்றுகிறேன் என்று தெரிந்து நீ பாதியிலேயே கையைக் கீழே போட்டாய். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

போன மாதம் பாப்பாவைக் கொண்டுவந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ கடைக்குப் போயிருந்தாய். செல்வி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் காட்டி, உள்ளங்கையை முன்னால் நிமிர்த்தி நீட்டி நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டேன். அது என்னவென்று போனில் எழுதிக் கேட்டேன். பாவம், அவள் தயங்கினாள். பிறகு, ‘உங்க பேரு மாமா. அவரு சின்ன வயசுல வெச்சது’ என்று எழுதிக் காட்டினாள். உங்கள் பேச்சில் ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்து அதையே பேராகச் சொல்வீர்கள் என்று விளக்கமும் எழுதினாள். எனக்கு அந்தக் கையைத் தெரியும். தறி நேரத்தில் நீ ஏதாவது காட்ட ஓடிவந்தால், வலது கையில் நாடாவோடு, இடது கையை அப்படித்தான் நீட்டுவேன். இரு. அப்புறம் வா. எத்தனை ஆயிரம் தடவை நீட்டியிருந்தால் அது எனக்குப் பேராகியிருக்கும், குமரா? செல்வியிடம் சிரித்தேன், நல்ல பேர் என்று எழுதிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தோட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். தினமும். வாரத்துக்கு எத்தனை என்ற கணக்கே வேண்டாம். நேரத்தை நான் சொல்லக் கூடாது, பாப்பாதான் சொல்ல வேண்டும். எந்த வேளையில் அவள் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, முகம் தெளிந்து இருக்கிறாளோ அந்த வேளை. அது காலை ஒன்பது மணியாக இருந்தால் ஒன்பது மணிக்குத் தறி நிற்கும். பக்கத்து வீட்டுச் சத்தம் இருக்கத்தான் செய்யும், அதனால் பின்கட்டு அறையை ஒழித்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்துவைக்க மாட்டேன், அவளுக்குச் சலிப்பு வருவதற்குள் விட்டுவிடுவேன். இதெல்லாம் உன் அம்மா செய்த முறை, என் புத்தியில் உதித்ததில்லை. நீ ஷிப்டுக்குப் போய்வர இங்கிருந்தும் பஸ் இருக்கிறது, ஜாகையை மாற்றுவது பற்றி நீயும் செல்வியும் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். என்றைக்காவது நான், இந்த முகூர்த்தம் போகட்டும், இந்தச் சேலை முடியட்டும் என்று ஆரம்பித்தால் என் வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் இருந்துவிடாதே. உன் அம்மா அப்படி இருந்துதான் வீணாகப் போயிற்று.

ஆபரேஷனுக்குச் செல்வி முதலில் சம்மதிக்கவில்லை என்றும், கைப்பேச்சையும் விடாமல் சொல்லித் தருவதென்றால் சரி என்று ஒப்புக்கொண்டாள் என்றும் எழுதியிருந்தாய். அவள் சொன்னதுதான் சரி. பாப்பா என்னோடு வாயால் பேசட்டும், உங்களோடு கையால் பேசட்டும். அவள் கையை யாரும் பிடித்து மடியில் வைக்கக் கூடாது. அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் விரல்கள் நாடா பிடித்துப் பிடித்து மடங்கிக் கிடக்கின்றன, எழுத்து குழறுகிற மாதிரி கையும் குழறும். நீ சிரித்தால் பரவாயில்லை.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. தினமும் சொல்லிக்கொடுத்தால் பலன் தெரியும் என்கிறார்கள். அப்படியானால் ஒரு நாள் பாப்பா என் முகத்தைப் பார்த்து, தாத்தா என்றோ, பூ என்றோ, தெளிவாகச் சொல்லிவிடுவாள். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அவள் குரல் உனக்குக் கேட்காது. அவள் பேசினாள் என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் நீ தெரிந்துகொள்வாய். தினம் அரைமணி நேரம் தறியை நிறுத்தியிருந்தால் உனக்கும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதையும் அதே முகத்தில்தான் பார்ப்பாய். அன்றைக்கு நான் அழுவேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அப்பா